இருவர் உடம்பாடும் ஊரார் காவலும்

2019-ஆம் ஆண்டில் கோவையில் தங்கும் விடுதியொன்றனுள் அரசு அலுவலர் புகுந்தனர். ஓர் அறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தனர். இருவரும் அகவை நிறைந்தோர். ஆயின் ஒருவருக்கொருவர் மணமாகாதவர். மற்றோர் அறையில் மதுப்புட்டில்கள் கிடந்தன. இவ்விரண்டையும் குற்றமெனக் கொண்டு விடுதியைப் பூட்டி முத்திரையிட்டனர். வழக்குச் சென்னை உயர் அறமன்றத்திற்குச் சென்றது. மணமாகாத இருவர் ஓரறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எங்கே உளது எனக் கேட்டது மன்றம். சட்டத்தைக் காட்டுவார் இலர். காட்டுதற்குச் சட்டமும் இல்லை. அவ்வாண்டு திசம்பரில் முத்திரை நீக்கப்பெற்றது.

அறமன்றம் தன் கடமையைச் செய்தது. அதன்பின் எழுந்த கூக்குரலே இங்கு ஆராயத் தக்கது. 'தமிழ்ப் பண்பாடு என்னாவது? மேலை நாட்டார் கேடன்றோ இது?' என்று புலம்பினார் பலர். எதிர்பாராது சந்தித்த இருவர், தம் உள்ளம் ஒத்து, எவர் ஏவலும் எவர் இசைவும் இன்றித் தாமே கூடினாராயின், அது தமிழர்க்கு அயலான நெறியென்று இவர்க்குக் கற்பித்தவர் யாவர்? எந்நூலைப் படித்து இதனைக் கண்டனர்? தமிழின் தலைநூலைத் திறந்து பார்த்தவர் வாயில் இச்சொல் வாராது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் களவியல் மூன்றாவது, கற்பியல் நான்காவது. களவு முன், கற்புப் பின். இவ்வைப்பு முறை தற்செயலாக நேர்ந்ததன்று. திருவள்ளுவரும் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களைத் தொடங்கியது களவில்தான். பரிமேலழகர் பகுப்பின்படி முதல் 7 அதிகாரங்கள் களவு. எஞ்சிய 18 கற்பு. மணவினை நிகழ்ந்த பின்னரே ஆண் பெண் உறவு தொடங்கும் என்பது தமிழ்நெறியாயின், இப்பெருமக்கள் நூலைத் தலைகீழாக எழுதினார் என்றன்றோ சொல்லவேண்டி வரும்?

களவின் முதற்படியை இயற்கைப் புணர்ச்சி என்றனர் முன்னோர். தூதும் இல்லை, தரகும் இல்லை, கணியன் குறித்த நாளும் இல்லை. தினைப்புனத்திலோ கடற்கானலிலோ இருவர் எதிர்ப்படுகின்றனர். அவன் ஊர் அவளுக்குத் தெரியாது. அவள் தந்தை யாவன் என அவனுக்குத் தெரியாது. செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை கூறியமையால் செம்புலப்பெயல்நீரார் எனப் பெயர் பெற்ற புலவர் குறுந்தொகையில் பாடிய பாட்டு இந்நிலையது. உறவு முறை ஏதும் அறியாத இருவர் கூடியபின், இவன் பிரிந்து விடுவானோ என அவள் அஞ்ச, அவளைத் தேற்றும் பொருட்டு அவன் சொல்வது அது. இன்று அதனைத் திருமண அழைப்பிதழின் மேற்புறத்தில் அச்சிட்டுவிட்டு, அதற்குக் கீழே இருவீட்டார் சாதிப் பட்டங்களையும் வரிசையாக அச்சிடுகின்றனர். பாட்டைப் படித்துத்தான் அச்சிடுகின்றனரா என்பது ஐயமே.

'இயற்கைப் புணர்ச்சி என்பது உள்ளங்கள் கூடுவது மட்டுமே. உடலுறவு அன்று' என்று மழுப்புவார் உளர். உள்ளப் புணர்ச்சியோடு நின்ற காதலும் பாடப்பட்டுள்ளது, அதனை மறுப்பாரில்லை. ஆயின் கபிலர் பாட்டொன்றில் தலைவி, அன்று அவன் என்னைக் கூடியபோது அவனன்றிப் பிறர் இலர், ஓடுநீரில் மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்றே இருந்தது, அவன் பொய்த்தால் யான் என் செய்வேன் எனக் கலங்குகின்றாள். உள்ளம் மட்டும் கூடியதற்குச் சான்று தேடிக் கலங்குவார் உண்டோ? மழுப்புரையால் முன்னோரைக் காப்பாற்ற வேண்டுவதில்லை. அவர்கள் எதனையும் மறைத்திலர்.

அக்கபிலரே குறிஞ்சிப்பாட்டைப் பாடினார். 261 அடிகள். 99 பூக்களின் பெயர் அடுக்கப்பெற்ற பாட்டு என்றே பள்ளி மாணவர்க்குச் சொல்லித் தருவர். பூக்களை எண்ணிவிட்டுப் பாட்டின் நிகழ்ச்சியை விட்டுவிடுவர். தினைகாத்தும் அருவியாடியும் பூப்பறித்தும் திரிந்த தலைவி, மதங்கொண்ட யானைக்கு அஞ்சி, வேட்டுவனாய் வந்த ஒருவனைச் சார்கின்றாள். அவன் யானையை அம்பெய்து விரட்டுகின்றான். மலைக்கடவுளை வாழ்த்தி, தெளிந்த அருவிநீரைக் குடித்துச் சூளுரைத்து அவளைத் தேற்றுகின்றான். பகல் முழுதும் சோலையில் கூடியிருந்து, மாலையில் ஊர்த்துறை வரை கொண்டுவந்து விடுகின்றான். இவையனைத்தையும் தோழி செவிலித் தாய்க்கு ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்கின்றாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். நிகழ்ந்ததை உள்ளவாறே சொல்லி அவ்விருவர்க்கும் துணை நிற்பதே அறம் என்பது அதன் கருத்து. இப்பாட்டு ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பெற்றது என அதன் அடிக்குறிப்புச் சொல்கின்றது. அயலான் ஒருவனுக்குத் தமிழ் இன்னதென்று காட்ட வேண்டியபோது, கோயிலையோ கோட்டையையோ காட்டாது களவொழுக்கத்தைக் காட்டினார் கபிலர்! அவன் வேண்டியது இலக்கணம் மட்டுமாயின் நூற்பா ஓதியிருப்பார். தமிழருள்ளத்தை அறிய வேண்டினான் போலும்.

களவு என்னும் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பார்க்கு இறையனார் களவியலுரையே விடை கூறியுள்ளது. களவென்றும் காமமென்றும் சொன்ன அளவில் தீதெனக் கொள்ளற்க, நல்லனவாகும் இடமும் உண்டு என்பது அவ்வுரையின் முடிபு. பிறர்பொருளை அவர் அறியாது கொள்வது ஒரு களவு. தம் நெஞ்சைத் தாமே கொடுத்து, அதனைப் பிறர் அறியாது காப்பது மற்றொரு களவு. இரண்டற்கும் பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

இவ்விடத்து அகம் என்னும் சொல்லின் ஆழத்தையும் எண்ணுதல் வேண்டும். ஒத்த இருவர் துய்த்த இன்பம் இத்தன்மையது எனப் பிறர்க்கு எடுத்துச் சொல்லலாகாமையின் அது அகமாயிற்று என்பர் உரையாசிரியர். அகப்பாட்டுள் எவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. பெயர் வந்தால் அது புறமாகி விடும். இருவர் மறைவில் நிகழ்ந்ததைப் பாடலாம், ஆயின் அவர் இன்னார் என்று ஊர்நடுவில் நிறுத்தலாகாது என்னும் இந்நாகரிகம் எங்கே, அறைக்கதவைத் தட்டிப் பெயரும் ஊரும் கேட்டு, ஒளிப்படமும் எடுத்து ஊரெங்கும் பரப்பும் இற்றைக் காவல் எங்கே! 2017-இல் தில்லியிலுள்ள உச்ச அறமன்றம் ஒன்பதின்மர் அமர்ந்து, தனிவாழ்வின் மறைவு மாந்தனின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்புரைத்தது. அதனைப் புதுமை என வியந்தனர் பலர். அகத்திணை கற்றார்க்கு அதில் வியப்பில்லை.

இனி, மேலை நாட்டுக் கேடென்று கூவுவோர் தமிழ்நெறியெனக் கருதிப் போற்றும் மணமுறையின் வரலாறு சற்றுக் காண்க. பெண்ணைத் தந்தை பிறனொருவனுக்குத் 'தானமாக' ஈவதே தலையாய மணம் என்பது வடவர் நூல்களின் துணிபு. மனுநூல் எண்வகை மணம் கூறும். பிரமம், தெய்வம், ஆரிடம், பிரசாபத்தியம் என்னும் நான்கும் தந்தை கொடுக்கக் கொள்வன, இவை உயர்ந்தன. அசுரம் பொருள் கொடுத்துப் பெண் கொள்வது. இராக்கதம் சுற்றத்தாரைக் கொன்றும் வீட்டை உடைத்தும், அழுகின்ற பெண்ணைத் தூக்கிச் செல்வது. பைசாசம் உறங்கினாளையோ, கள்ளுண்டு மயங்கினாளையோ, அறிவு திரிந்தாளையோ சேர்வது. இறுதியில் நின்றதை இழிந்ததென அந்நூலே பழித்தது உண்மை. பழித்தும் அதற்கு மணம் என்றே பெயரிட்டு வரிசையில் எட்டாவதாக எண்ணியதும் உண்மை. எஞ்சிய ஒன்று காந்தருவம். ஆணும் பெண்ணும் தாமே விரும்பிக் கூடுவது.

தொல்காப்பியர் இவ்வெட்டினையும் அறிந்தவர். மறையோர் நாட்டில் வழங்கும் மணம் எட்டு என்று சுட்டி, அவற்றுள் யாழோராகிய கந்தருவர் நெறி ஒன்றே தமிழர் களவோடு ஒப்புமையுடையது என்றார். ஏனைய ஏழினையும் என் செய்தார்? இதனை வீட்டார் கொடுத்தாலன்றி மணம் இல்லை என்பார் ஊன்றிக் கேட்க வேண்டும். அவற்றுள் மூன்றைக் கைக்கிளையின்பாற்படுத்தார்; நான்கைப் பெருந்திணையின்பாற்படுத்தார். அம்மூன்றாவன அசுரமும் இராக்கதமும் பைசாசமும் என்றும், அந்நான்காவன பிரமம் முதலாகத் தந்தை கொடுக்கும் நான்குமென்றும் உரை கண்டனர் பழைய உரையாசிரியர். பெண்ணின் நெஞ்சை வினவாது தூக்கிச் செல்வது ஒருதலைக் காமம் என்பதை எவரும் ஒப்புவர். பெண்ணின் நெஞ்சை வினவாது தந்தை கொடுப்பதும் பொருந்தாக் காமத்தின் இனமே என்று துணிந்து வைத்த நூல் உலகில் வேறு எங்கேனும் உளதோ? மனு முதலில் வைத்துப் போற்றியவற்றைத் தமிழ் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது. அளவுகோல் ஒன்றே: இருவர் உள்ளமும் ஒத்தனவா, இலவா?

அவ்வளவுகோலை எவ்வளவு நுட்பமாகத் தொல்காப்பியர் பிடித்தார் என்பதற்குச் சான்றுகள் பல. கண்கள் இரண்டும் ஒருவர் அறிவை ஒருவர் உடம்படச் செய்யும் குறிப்புரை பேசும் என்றார். அறிவு உடம்படுதல் என்னும் அச்சொல்லாட்சியை நோக்குக. உடல் ஒப்பியது போதாது. அறிவு ஒப்ப வேண்டும். திருவள்ளுவர் இதற்கெனக் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குறிப்பை அறிதல் என்பது ஆணுக்கு உரிய கடமை; அவள் கண் இசையவில்லையாயின் அவன் விலகி நிற்க வேண்டியவன். காமத்திற்கு முதிராத இளமையோளிடத்து ஒருவன் கொள்ளும் வேட்கையைக் கைக்கிளை என்று ஒதுக்கினார் தொல்காப்பியர். மடலேறி ஊரை மிரட்டுவதையும், மிகுந்த காமத்தால் வலிந்து பற்றுவதையும் பெருந்திணையில் தள்ளினார். பிற்கால உரைகாரர் தலைவிக்கு அகவை 12 என்றும் தலைவனுக்கு 16 என்றும் எழுதி வைத்தது அவர் காலத்து வழக்கு. நூற்பாவில் அவ்வெண்கள் இல்லை. இன்று 18 நிறையாதாரைச் சேர்வதைச் சட்டம் கடுங்குற்றமாக ஒறுக்கின்றது. அவ்வாறு ஒறுத்தலே முறை. தமிழ் அகத்திணையைத் துணைக்கழைத்துக்கொண்டு சிறுமியர்பால் செல்வான் ஒருவன் உளனாயின், அவன் கைக்கிளைக்கும் கீழ்ப்பட்டவன்.

தொல்காப்பியத்தில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தலைவனும் தலைவியும் பிறப்பு, குடிமை முதலிய பத்தினும் ஒத்திருத்தல் வேண்டும் என்றவர், தலைவன் மிக்கோனாயினும் கடியப்படான் என இடம் விட்டார். தலைவி மிக்கவளாகும் இடத்தை விட்டிலர். அக்குறை அக்காலத்தது. அதனைக் காட்டி இக்காலத்துச் சாதிவெறியர் மகிழ வேண்டா. அந்நூல் எவரையும் அதற்காகக் கொல்லச் சொல்லவில்லை.

அவ்வாறாயின் ஊர்க்கு இதில் வேலையே இல்லையா எனின், உண்டு. ஊர் எங்கே தலையிட்டது என்பதை அகநானூற்றின் 256-ஆம் பாட்டுக் காட்டும். கள்ளூர் என்னும் ஊரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணைக் கூடினான். பின்னர், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். வழக்கு அவைக்கு வந்தது. அவையத்தார் சான்றோரை வினவி உண்மை தெளிந்தனர். தெளிந்து, அம்மகளை ஒறுத்தனரா? அவளுக்கு ஒறுப்பு நேர்ந்ததாகப் பாட்டுச் சொல்லவில்லை. கூடியதற்காக அவனை ஒறுத்தனரா? அதுவும் இல்லை. பொய் சொன்னதற்காக அவனை மரக்கிளையில் கட்டி, அவன் தலையில் நீற்றைக் கொட்டினர், ஊர் ஆர்ப்பரித்தது. கூட்டம் குற்றமன்று, கூடியபின் கைவிட்டு மறுத்ததே குற்றம் என்னும் தெளிவு அவ்வூர் அவைக்கு இருந்தது. இதனோடு பாரதத்துச் சகுந்தலை கதையை ஒப்பிடுக. கானகத்தில் காந்தருவ முறையில் கூடிய துசியந்தன், மகனோடு அவைக்கு வந்து நின்றவளை அறியேன் என்றான். வானிலிருந்து ஒலியெழுந்து சான்று கூற வேண்டியதாயிற்று. ஆங்கு அரசன் பொய்க்கு வானம் இறங்கி வந்தது. ஈங்குக் கள்ளூர்ப் பெண்ணுக்கு ஊர்மக்களே போதுமாயினர்.

1860-இல் ஆங்கிலேயர் ஆக்கிய தண்டச் சட்டத்தை நீக்கிவிட்டு, 'பாரதிய நியாய சங்கிதை' என்று தமிழர் நாவில் நுழையாத வடமொழிப் பெயரோடு 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்குக் கொணர்ந்தனர் தில்லியாளர். அதன் 69-ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றி மணந்து கொள்வதாகச் சொல்லியும் பிற வஞ்சகத்தாலும் பெண்ணைக் கூடுவானுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கின்றது. பெயர் வடமொழியாயினும் கருத்துக் கள்ளூரில் பழகியதே. காதல் முறிந்த இடமெல்லாம் வஞ்சகம் எனக் கொள்ளாது, தொடக்கத்திலேயே பொய் இருந்ததா என ஆராய்ந்து காண்பது அறமன்றத்தின் கடன். கள்ளூர் அவையும் ஆராய்ந்த பின்னரே தண்டித்தது.

மணச்சடங்கு தோன்றியதன் கரணியமும் இதுவே என்று தொல்காப்பியர் கூறியுள்ளார். பொய்யும் வழுவும் மக்களிடைத் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அவர் வரலாற்றுரை. நோய் வந்தபின் வந்த மருந்து அது. அம்மருந்துக்கும் பெற்றோர் கை இன்றியமையாததன்று. கொடுப்பவர் இல்லாத இடத்தும், உடன்போக்கில், கரணம் உண்டு என்று அவரே இசைவு தந்துள்ளார். 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன்மதிப்புத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியபோது தமிழகம் புதிதாக ஒன்றைப் படைத்துவிடவில்லை. புரோகிதர் மூடிவைத்த பழைய வாயிலைத் திறந்தது. 2018 மார்ச்சில் உச்ச அறமன்றம், அகவை நிறைந்த இருவர் மணப்பதற்குக் குடும்பத்தாரோ சாதியாரோ ஊர்ப்பஞ்சாயத்தாரோ இசைய வேண்டுவதில்லை என்றது. 2023-இல் தன்மதிப்புத் திருமணம் பலரறியச் செய்யப்பெற வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை என்றது.

அதே 2018-இல் பிறன்மனைச் சேர்க்கையைக் குற்றமாக்கிய பழைய 497-ஆம் பிரிவும் நீக்கப்பெற்றது. கணவன் இசைந்தால் குற்றமில்லை, இசையாவிடில் குற்றம் என்று மனைவியைக் கணவனின் உடைமையாக வைத்திருந்த பிரிவு அது; ஒழிந்தது நன்றே. ஆயின் சிறை இல்லை என்பதால் அறம் இல்லாது போகாது. பிறனில் விழையாமை திருக்குறளில் நிற்கின்றது. ஓர் உள்ளத்திற்குக் கொடுத்த சொல்லை முறிப்பது பொய்யின் இனமே. பரத்தையிற் பிரிவைப் பாடியதும் இதே சங்க இலக்கியந்தான் என்று சொல்லி ஆடவர் தப்புதற்கும் இடமில்லை. அப்பாட்டுகளில் ஊடும் தலைவியின் சொல்லம்புகளைப் படித்தவர் அவ்வழக்கைப் புகழ்ந்துரையார்.

அயலார் செய்த கேட்டைச் சொல்வது எளிது. தமிழின் பெயரால் தமிழரே செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2005-இல் திரைநடிகை ஒருவர், மணத்திற்கு முன் உறவு குறித்து இதழொன்றில் தம் கருத்தைக் கூறினார். தமிழ்க் கற்புக்கு இழுக்கு வந்துவிட்டதென்று துடைப்பமும் கையுமாகத் தெருவுக்கு வந்தோருள் தமிழுணர்வாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரும் இருந்தனர். பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களிலேயே பதியப்பெற்ற 23 முறையீடுகள் ஐந்தாண்டு இழுபட்டு, 2010 ஏப்பிரலில் உச்ச அறமன்றத்தால் தள்ளுபடியாயின. அகவை நிறைந்த இருவர் இசைந்து கூடுவது, பிறன்மனைச் சேர்க்கை நீங்கலாக, சட்டப்படி குற்றமன்று என்று அன்று அம்மன்றம் எடுத்துரைத்தது. தொல்காப்பியம் பிறந்த நாட்டார்க்குத் தில்லியிலிருந்து இதனை எழுதியனுப்ப வேண்டியிருந்தது! அந்நடிகை சொன்ன கருத்தில் முரண்பட எவர்க்கும் உரிமை உண்டு. களவியலை மறைத்துவிட்டுக் கற்பியலைக் கையிலேந்தித் தமிழ் காப்பதாகச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. துடைப்பம் ஒருத்தியை நோக்கியே ஓங்கப்பட்டதையும் மறத்தற்கில்லை; அத்தெருக்களில் ஆண்களின் களவுக்குக் கணக்குக் கேட்டார் ஒருவரும் இலர்.

ஆண்டுதோறும் பிப்பிரவரி 14-இல் கடற்கரையிலும் பூங்காக்களிலும் இணையராய் இருப்போரைத் துரத்துவதும், தாலியை நீட்டிக் கட்டு என்று மிரட்டுவதும், நாய்க்கும் கழுதைக்கும் மணவினை செய்து எள்ளுவதும் மதவெறிக் கூட்டத்தார் சிலர்க்குத் தொழிலாயிற்று. விரும்பாதாரை மணக்கக் கட்டாயப்படுத்தும் இவர் செயலை எத்திணையில் வைப்பது என்பதைத் தொல்காப்பியம் கற்ற எவரும் நொடியில் சொல்வர். அந்நாள் மேலை நாட்டுப் பெயரோடு வந்ததாகலாம். அட்டையும் பூவும் விற்கும் வணிகர் கைப்பட்டதுமாகலாம். காதலர் மட்டும் எங்கிருந்தும் வந்தவரல்லர்.

துரத்துவதோடும் எள்ளுவதோடும் இது நின்றிருந்தால் இத்துணை எழுத வேண்டுவதில்லை. 2003-இல் விருத்தாசலத்தை அடுத்த ஓர் ஊரில், சாதி கடந்து மணந்த இருவரைப் பெண்ணின் தந்தையும் உடன்பிறந்தானும் உறவினரும் பிடித்து நஞ்சூட்டிக் கொன்று எரித்தனர். விசாரணை அறமன்றம் தீர்ப்புரைக்கவே 2021 ஆயிற்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஓரிளைஞரை வெட்டிச் சாய்த்தனர். உடன் வெட்டுண்ட மனைவி உயிர் பிழைத்து வழக்கை நடத்தினார். 2025 சூலையில் பாளையங்கோட்டையில் மற்றோர் இளைஞர், காதலுக்காக. வெட்டுண்டவர் பலரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதைப் பார்த்தால், இங்குக் காக்கப்படுவது கற்பன்று, சாதி என்பது விளங்கும். மகள் உடலைச் சாதியின் எல்லைக்கல்லாக நட்டுவைத்தவர்க்கு, அவள் தன் நெஞ்சால் ஒருவனைத் தேர்வதே பெருங்குற்றம். அவள் ஒருமுறை கூடினாளா, மணந்துகொண்டாளா என்னும் வேறுபாடெல்லாம் அவர்க்கு இல்லை. அவளைக் கேட்காமல் அவளுக்கு ஒன்று நிகழ வேண்டும். அவ்வளவே அவர்தம் அறம்.

சங்ககாலத்துத் தமையன்மார்க்கும் சினம் வந்தது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடியுள்ளார். ஆற்று வெள்ளம் ஒருத்தியை அடித்துச் செல்ல, கரையில் நின்ற ஒருவன் பாய்ந்து, மார்போடு அணைத்துக் கரையேற்றுகின்றான். அவள் நெஞ்சு அவனோடு போயிற்று. செய்தி தாய் வழியாகத் தந்தைக்கும் தமையன்மார்க்கும் எட்டுகின்றது. அவர்கள் அம்பைப் பார்க்கின்றனர், வில்லைப் பார்க்கின்றனர், கண் சிவக்கின்றது. ஒரு பகல் முழுதும் கொதித்து நிற்கின்றனர். பிறகு ஆறி, இருவரிடத்தும் குற்றம் இல்லை என்று கூறித் தலை சாய்க்கின்றனர். வில்லும் கையிலிருந்தது, வலியும் உடலிலிருந்தது, சினமும் உள்ளத்திலிருந்தது, எய்திலர். ஒரு பகற்பொழுது சினத்தை அடக்கி எண்ணிப் பார்க்கும் ஆண்மை அவர்க்கிருந்தது. மகளைக் கொன்றுவிட்டு மீசை முறுக்குவோர் தம்மை மறக்குடியினர் என்று சொல்லிக்கொள்வது அத்தமையன்மார்க்குச் செய்யும் இழிவு.

2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, இத்தகைய இணையர்க்குப் பாதுகாப்பு நல்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைத்தல் வேண்டும், மிரட்டலுக்கு உள்ளானோர்க்குக் காப்பில்லம் அமைத்தல் பற்றி மாநிலங்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும், கடமை தவறும் அலுவலர்மீது நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்று உச்ச அறமன்றம் பணித்தது. 2025 அக்டோபரில் தமிழ்நாட்டரசு, ஆணவக் கொலையைத் தடுக்கும் தனிச்சட்டத்திற்குப் பரிந்துரை பெற ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. அச்சட்டம் வரும்போது மணந்துகொண்ட இணையரை மட்டும் காப்பதாக அமைதல் கூடாது. இன்னும் மணம் முடியாதவர், மணக்கும் முடிவே எடுக்காதவர், ஒரு மாலைப்பொழுது சேர்ந்திருந்ததற்காக வீட்டாரால் பூட்டி வைக்கப்பட்ட பெண் ஆகியோரும் அதன் காவலுக்குள் வர வேண்டும். களவில் நிற்போரே மிகுதியும் காப்பற்றவர். குறுந்தொகைத் தலைவிக்கும் அன்று குருகொன்றே துணையிருந்தது. பேருந்து நிலையங்களிலும் கல்லூரி வாயில்களிலும் மாவட்டத் தனிப்பிரிவின் தொலைப்பேசி எண்ணைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிவைக்க அரசுக்கு எத்துணைச் செலவாகும்? அதனை எழுதச் சொல்லிக் கேட்கும் வேலையைத் தமிழ்காக்கப் புறப்பட்டோர் அடுத்த பிப்பிரவரி 14-க்கு முன் தொடங்கலாம்.